நாற்பத்தோராம் வரிசை

செம்பின் விலையைப் பத்து விழுக்காடு கீழே தள்ளினேன்.
மூடிக் கிடக்கும் சுரங்கத்தின் மதிப்பு
ஒரு கால் உருவிய நாற்காலிபோல் சாய்ந்தது.
பழையபடி நிமிர்த்தி வைத்துவிட்டு
வட்டியைத் தொட்டேன்.

லுசாகாவில் மின்சாரம் போய் இரண்டு மணி நேரம்.
மடிக்கணினியில் முப்பத்தெட்டு விழுக்காடு உயிர்.
ஒன்றை அசை, மற்றதெல்லாம் அசையாமல் பிடி:
இதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை.
உலகம் ஒருநாளும் இப்படி நடந்துகொண்டதில்லை.
செம்பு விழுந்த வருடம் க்வாச்சாவும் விழுந்தது,
மழை பொய்த்தது, அணை வற்றியது,
இதோ இந்த இருட்டும் அந்தக் கூட்டத்தோடு வந்ததுதான்.
என் தாளில் மட்டும் அவை
ஆஸ்பத்திரி பெஞ்சில் டோக்கனோடு
ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன.

ஏற்ற இறக்கத்தைக் கூட்டினேன்.
மதிப்பு உயர்ந்தது.

முதன்முதலில் இதைப் பார்த்தபோது
எங்கோ கழித்தல் குறி விட்டுப்போனதென்று
இரவெல்லாம் தேடினேன். விட்டுப்போகவில்லை.
திறக்கலாம், திறக்காமலும் இருக்கலாம்
என்ற உரிமையைக் கையில் வைத்திருப்பவனுக்குக்
கலக்கம் லாபம்.
விலை ஏறினால் ரிப்பன் வெட்ட வருவான்.
இறங்கினால் டொராண்டோவில் சூப் ஆறுவதற்குள் குடிப்பான்.
அலையின் மேல்பாதி மட்டும் அவனுடையது.
பொறுத்தார் பூமி ஆள்வார்.
பூமிக்கடியில் யார் பொறுக்கிறார்கள் என்று கேட்க
என்னிடம் கட்டம் இல்லை.

இல்லை, இருக்கிறது.
வரிசை நாற்பத்தொன்று: பராமரிப்பு.

ஆகஸ்டில் அந்த வரிசையை நேரில் பார்த்தேன்.
பெயர் காசெபா லெங்வே.
சிலிலபொம்ப்வேக்கு அப்பால், இரண்டாம் குழி,
ஆறு வருடமாகப் பம்பு ஓட்டுகிறார்.
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:
"தவளை கத்துற ஊருன்னு சும்மாவா பேர் வெச்சாங்க?
நான் மூணு நாள் படுத்தா தண்ணி ஏறும்.
மூணு மாசம் படுத்தா
தவளையே மேல வந்து உங்களுக்குக் கணக்குச் சொல்லும்."
பம்பறைச் சுவரில் சாக்பீஸ் எழுத்து:
மே. ஜூன். ஜூலை.
பராமரிப்புத் தேதிகள் என்று நினைத்துக் குறித்துக்கொண்டேன்.
வண்டியில் திரும்பும்போது ஓட்டுநர்தான் சொன்னார்,
வராத சம்பளங்கள் என்று.

நாற்பத்தொன்றை இருபது விழுக்காடு கூட்டினேன், குறைத்தேன்.
ஒன்றும் ஆகவில்லை.
சூறாவளி வரைபடத்தில் செம்பு விலைக்கு அகன்ற தோள்,
அதன் கீழே கலக்கம், அதன் கீழே காத்திருக்கும் வருடங்கள்,
ஒடுங்கி ஒடுங்கிக் கடைசியில்
இமைமுடி அகலத்தில் லெங்வே.
"நமுகோலோ, அசையாததை எடுத்துவிடு,
பக்கம் சுத்தமாக இருக்கும்" என்றார் சிமுகொண்டா.
நல்ல மனிதர். பக்கங்கள் சுத்தமாக இருந்தால் போதும் அவருக்கு.

பதினொரு விழுக்காடு.
சும்மா ஒரு பிடிவாதத்தில்
நாற்பத்தொன்றில் சுழியம் போட்டேன்.

மதிப்பு கூடியது.

எல்லாக் கட்டமும் பச்சை.
காத்திருக்கும் உரிமை இன்னும் ஐந்து வருடம் செல்லுபடியாகும்,
திறக்க ஒரு குழி மட்டும் இல்லை,
அறுநூறு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர்.
தாளுக்கு அது தெரியாது. எப்படித் தெரியும்,
நான் அல்லவா எழுதினேன்.

ஆகவே ஒரு நிபந்தனை சேர்த்தேன்:
சம்பளம் இந்த அளவுக்குக் கீழே போனால்
அவர் போய்விடுவார்,
அவர் போனால் எல்லாம் சுழியம்.
எந்த அளவுக்கு?
அந்த ஓர் எண் எந்த அறிக்கையிலும் இல்லை.

ஒன்பது விழுக்காடு. மணி பத்தே கால்.
அழைத்தேன்.
முதலில் பம்பின் இரைச்சல் வந்தது,
நெடுநேரம் அது மட்டுமே.
பிறகு அவர், தூக்கம் கலையாமல்:
"மே மாசத்துக்கா மேடம், ஜூனுக்கா?"